ஆன்டி டம்பிங் விசாரணை: கொங்குப் பட்டறைகளுக்கு ஓர் அறிமுகம்

"நாங்க இரும்பு வாங்குற விலைக்கு வெளிநாட்டுக்காரங்க வார்ப்படமே அனுப்பறாங்க. அந்த டம்பிங் வரியைப் போட்டா என்னங்க?" கோவையில் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ பட்டறை வைத்திருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் இந்தக் கேள்வி வந்துவிடும். அரசு நினைத்தால் நாளைக்கே போட்டுவிடலாம் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தன் ஊர் விலையைவிடக் குறைத்து வெளிநாட்டுக்காரர் இங்கே தள்ளும் சரக்கின் மீது போடும் கூடுதல் வரிதான் ஆன்டி டம்பிங் வரி. உண்மையில் அதற்கான விசாரணை கோர்ட்டு வழக்குப் போலத்தான் நடக்கிறது. புகார் கொடுப்பவர் உண்டு, எதிர்த்தரப்பு உண்டு, வாய்மொழி விசாரணை உண்டு, அப்பீலும் உண்டு. சாட்சி சொல்வது கணக்குப் புத்தகம். கணக்கோடு வராதவர் எவ்வளவு நொந்துபோயிருந்தாலும் அவருடைய கஷ்டம் கோப்பில் ஏறாது. இரும்பும் எவர்சில்வரும் பித்தளையும் புழங்கும் கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்கள் இந்த விசாரணை எப்படி நடக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மலிவு வேறு, டம்பிங் வேறு

வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வருவது மட்டும் குற்றமில்லை. அவர்களுடைய மின்சாரம் மலிவாக இருக்கலாம், மெஷின் புதிதாக இருக்கலாம், ஒரே அச்சில் லட்சக்கணக்கில் வார்க்கலாம். அதனால் வரும் மலிவை இந்தச் சட்டம் தொடாது. சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அதே பொருளை அந்தத் தொழிற்சாலை தன் சொந்த நாட்டில் என்ன விலைக்கு விற்கிறது, நமக்கு என்ன விலைக்கு அனுப்புகிறது? சொந்த ஊரில் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டு வெளிநாட்டுக்குக் குறைத்து அனுப்பினால் அது டம்பிங்.

ஒருவன் ஏன் அப்படிச் செய்கிறான்? இதற்குப் பதில் உலோகத் தொழிலின் தன்மையிலேயே இருக்கிறது. இரும்புத் தாதுவை உருக்கும் பிளாஸ்ட் பர்னஸை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்ற வைக்க முடியாது. போட்ட முதலுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். உள்நாட்டில் வாங்க ஆளில்லை என்றாலும் உலை எரிந்தாக வேண்டும். அப்போது மூலப்பொருள் செலவும் அதற்கு மேல் கொஞ்சமும் வந்தால் போதும் என்று மிச்சச் சரக்கை வெளியே தள்ளிவிடத் தோன்றும். உலகில் உருகும் கச்சா எஃகில் பாதிக்கு மேல், ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டன், சீனாவில் உற்பத்தியாகிறது. அங்கே கட்டுமானம் மந்தமானால் அதன் அதிர்வு கோவை ஈச்சனாரியில் கேட்கும்.

இதற்கான சட்டம் பழையது. கனடா 1904-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது. பிறகு 1947-ல் காட் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவாக உலக வணிகத்துக்குள் வந்தது. இப்போது உலக வர்த்தக அமைப்பின் தனி உடன்படிக்கையாக இருக்கிறது. நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 9ஏ பிரிவும், 1995-ல் வந்த விதிகளும்தான் இதற்கு அடிப்படை. விசாரிப்பது டெல்லியில் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் டிஜிடிஆர் என்ற இயக்குநரகம். 2018-க்கு முன்பு டிஜிஏடி என்ற பெயரில் இருந்த அலுவலகம் இது. ஆனால் வரி போடும் அதிகாரம் டிஜிடிஆருக்கு இல்லை. அது பரிந்துரைக்கும், வரி விதிப்பது நிதி அமைச்சகம். பரிந்துரை வந்த பிறகும் நிதி அமைச்சகம் வேண்டாமென்று விட்டுவிட்ட வழக்குகள் பல உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

எண்கள் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலை தன் நாட்டில் ஒரு வார்ப்படத்தை ஆலை வாசல் விலையாகக் கிலோ 100 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி துறைமுகத்தில் அந்தச் சரக்கு வந்து இறங்கும் விலை 92 ரூபாய். அதில் கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், துறைமுகச் செலவெல்லாம் சேர்த்து 12 ரூபாய். அதைக் கழித்தால் ஆலை வாசலில் நமக்கான விலை 80. இரண்டுக்கும் வித்தியாசம் 20 ரூபாய். 80-க்கு 20 என்றால் 25 சதவீதம். இதுதான் டம்பிங் மார்ஜின். இந்த மார்ஜின் ஏற்றுமதி விலையில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அந்த ஏற்றுமதியாளர் மீதான விசாரணை அத்தோடு முடிந்துவிடும்.

ஆலை வாசலுக்கு வாசல் ஒப்பிடுவதைக் கவனியுங்கள். நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகச் செய்வது, வியாபாரி கடையில் கிடைக்கும் சீன விலையையும் தங்கள் விலையையும் ஒப்பிடுவது. அந்த ஒப்பீடு வேறோர் இடத்தில் உதவும். டம்பிங்கை நிரூபிக்க உதவாது.

சொந்த நாட்டு விலை கிடைக்காவிட்டால், அந்தத் தொழிற்சாலை வேறொரு நாட்டுக்கு அனுப்பும் விலையை எடுக்கலாம். அல்லது உற்பத்திச் செலவோடு நிர்வாகச் செலவையும் நியாயமான லாபத்தையும் கூட்டி ஒரு விலையைக் கட்டலாம். சீன விஷயத்தில் இன்னொரு சங்கதி. அங்கே விலையும் செலவும் சந்தையால் தீர்மானமாகின்றன என்று அந்த ஏற்றுமதியாளர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் அவர் காட்டும் உள்நாட்டு விலையை ஏற்பதில்லை. வேறு நாட்டு விலையையோ, இந்தியாவில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்ற கணக்கையோ வைத்து மதிப்பிடுகிறார்கள்.

சரி, மார்ஜின் 20 ரூபாய் வந்தது. வரியும் 20 ரூபாயா? இல்லை. நம் சட்டம், நம் தொழிலின் பாதிப்பைச் சரிக்கட்ட எவ்வளவு தேவையோ அதையும் கணக்கிட்டு, இரண்டில் எது குறைவோ அதை மட்டும் வரியாகப் போடச் சொல்கிறது. அதற்கு நம் பக்கத்தில் ஒரு நியாயமான விலை வேண்டும். உள்நாட்டு உற்பத்தியாளர் பாதிப்பில்லாமல் விற்கக்கூடிய விலை அது. உங்கள் மூலப்பொருள், மின்சாரம், கூலி எல்லாவற்றையும் பார்த்து, போட்ட முதலீட்டுக்கு 22 சதவீத வருவாயைச் சேர்த்து அதைக் கட்டுவார்கள். இதில் ஒரு கறார் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் மூலப்பொருளையும் மின்சாரத்தையும் உலையின் கொள்ளளவையும் எந்த ஆண்டில் நன்றாகப் பயன்படுத்தினீர்களோ, அந்த அளவைத்தான் எடுத்துக்கொள்வார்கள். உலையைப் பாதி காலியாக ஓட்டிவிட்டு அந்தச் செலவை இறக்குமதியின் தலையில் கட்ட முடியாது.

அந்த நியாய விலை 110 ரூபாய் என்று வந்தால்? இறக்குமதிச் சரக்கு 92 ரூபாய்; சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்தால் 9.20 சேர்ந்து 101.20. வித்தியாசம் 8.80. வரி கிலோவுக்கு 8.80தான், 20 இல்லை. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு இந்த விதி சரியாகவே படுகிறது. வாங்கிப் பயன்படுத்துகிறவரும் நம்மூர்க்காரர்தான்.

விற்பனை விழுந்தது எதனால்?

டம்பிங் இருக்கிறது என்று நிரூபித்தால் மட்டும் வரி வராது. அதனால்தான் இங்குள்ள தொழில் அடிபட்டது என்றும் காட்ட வேண்டும். விசாரணைக் காலம் பெரும்பாலும் ஓர் ஆண்டு. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உற்பத்தி, விற்பனை, சந்தைப் பங்கு, லாபம், குடோனில் தேங்கிய சரக்கு, வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கை என்று வரிசையாகக் கேட்பார்கள். வியாபாரி கடையில் பார்த்த விலை இங்கேதான் பயன்படும்: இறக்குமதி உங்கள் விலைக்குக் கீழே எவ்வளவு இறங்கி விற்கிறது, அதனால் உங்கள் விலையை ஏற்ற முடியாமல் போனதா என்று காட்டலாம்.

பிறகு கஷ்டமான கட்டம் வருகிறது. வேறு காரணத்தால் வந்த நஷ்டத்தைப் பிரித்து ஒதுக்க வேண்டும். கோவைக்கு இது எவ்வளவு சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். பம்பு விற்பனை குறைந்ததற்கு குஜராத்தின் ராஜ்கோட் பம்புகளின் போட்டியும் காரணமாக இருக்கலாம். நல்ல மழை பெய்த ஆண்டில் போர்வெல் போடுவது குறையும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நிற்கும், அதோடு பம்பு ஆர்டரும் நிற்கும். நூற்பாலைகள் ஷிப்டைக் குறைத்தால் டெக்ஸ்டைல் மெஷின் உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறைகள் சும்மா கிடக்கும். மின்கட்டணம் ஏறினால் இண்டக்ஷன் உலைக்காரரின் லாபம் கரைந்துவிடும். இவை எதுவும் டம்பிங் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இவை ஒவ்வொன்றையும் எடுத்து வைப்பார். மாதவாரியாக, தயாரிப்புவாரியாகக் கணக்கு வைத்திருப்பவரால்தான் இது மழையால் குறைந்தது, இது இறக்குமதியால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். எல்லா வார்ப்படத்தையும் ஒரே தலைப்பில் 'கேஸ்டிங் சேல்ஸ்' என்று எழுதி வைத்திருக்கும் புத்தகம் இங்கே நிற்காது.

யார் புகார் கொடுக்கலாம்

தனியாக ஒருவரே கொடுக்கலாம், பலர் சேர்ந்து கொடுக்கலாம், சங்கத்தின் வழியாகவும் கொடுக்கலாம். நிபந்தனை என்னவென்றால், ஆதரிப்பவர்களின் உற்பத்தி நாட்டின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். கருத்துச் சொன்னவர்களில் எதிர்ப்பவர்களைவிட ஆதரிப்பவர்களின் உற்பத்தி அதிகமாக இருக்க வேண்டும். நாலு பெரிய ஆலைகள் மட்டும் உள்ள எஃகுத் தொழிலுக்கு இது எளிது. நூற்றுக்கணக்கான சிறு பவுண்டரிகளாகச் சிதறிக் கிடக்கும் நம் தொழிலுக்கு 25 சதவீதத்தை ஒன்று சேர்ப்பதே பெரிய வேலை. ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையில் தனியாகக் காஸ்ட் அக்கவுண்டன்ட் ஏது? இந்த இடத்தில்தான் கொடிசியா, சீமா போன்ற கோவைத் தொழில் சங்கங்களால் பெரிதாக உதவ முடியும் என்று நினைக்கிறேன். பொதுவான ஒரு கணக்குப் படிவத்தை உறுப்பினர்களுக்குப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சிறு தொழில்களுக்கு வழிகாட்ட டிஜிடிஆரிலேயே ஓர் உதவி மையம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பொருளைத் தானே இறக்குமதி செய்பவரையும், வெளிநாட்டு ஏற்றுமதியாளரோடு உறவுள்ள கம்பெனியையும் 'உள்நாட்டு உற்பத்தியாளர்' என்ற கணக்கிலிருந்து விலக்கிவிட முடியும். பாதியை இங்கே வார்த்து, பாதியைச் சீனாவிலிருந்து வாங்கி விற்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

"எங்க விலைக்கணக்கு போட்டிக்காரனுக்குத் தெரிஞ்சுருமே" என்ற பயமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. தெரியாது. ரகசியப் பிரதி டிஜிடிஆரிடம் மட்டும் இருக்கும். மற்றத் தரப்புகளுக்குப் போகும் பிரதியில் எண்களுக்குப் பதிலாக முதல் ஆண்டை 100 என்று வைத்து, அடுத்த ஆண்டுகள் ஏறினவா இறங்கினவா என்பதை மட்டும் காட்டினால் போதும்.

விசாரணை தொடங்கியதாக அரசிதழில் அறிவிப்பு வந்த பிறகு, கேள்வித்தாளுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம். கேட்டால் நீட்டிப்பார்கள். பதில் தராத வெளிநாட்டு ஏற்றுமதியாளர் மீது, கையில் இருக்கும் தகவலை வைத்தே முடிவெடுப்பார்கள். பொதுவாக அவருக்குத்தான் அதிக வரி விழும். அதனால்தான் ஒரே நாட்டிலிருந்து வந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி வரி வித்தியாசப்படுகிறது. தொடங்கி 60 நாளுக்குப் பிறகு இடைக்கால வரி போடலாம். ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். மிஞ்சிப்போனால் 18 மாதம். முடிவுக்கு முன் எந்த உண்மைகளின் அடிப்படையில் தீர்மானிக்கப்போகிறோம் என்று எல்லாத் தரப்புக்கும் ஓர் அறிக்கை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். போட்ட வரி ஐந்து ஆண்டு இருக்கும். மறு ஆய்வு செய்து நீட்டிக்கலாம். முடிவு பிடிக்காதவர் செஸ்டாட் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஒருவருக்குப் பாதுகாப்பு, இன்னொருவருக்குச் செலவு

கொங்கு நாட்டில் இந்த வரியைப் பற்றிப் பேசும்போது யாரும் தப்பிக்க முடியாத சிக்கல் இது. சேலத்தில் செயில் நிறுவனத்தின் எவர்சில்வர் எஃகு ஆலை இருக்கிறது. மலிவான வெளிநாட்டுத் தகடு வந்தால் அந்த ஆலைக்கு அடி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் திருப்பூர் அனுப்பர்பாளையம். தகடு வாங்கி, குடமும் அண்டாவும் செய்து பிழைக்கும் பாத்திரப் பட்டறைகளின் ஊர். தகட்டுக்கு வரி போட்டால் அடி இவர்களுக்கு. 2017-ல் சீன எவர்சில்வர் தகட்டின் மீது 18.95 சதவீத மானிய எதிர்ப்பு வரி (அந்நாட்டு அரசு தரும் மானியத்தைச் சரிக்கட்டப் போடும் வரி) வந்தது. எஃகு விலை எகிறிக் கிடந்த நேரத்தில், 2022 பட்ஜெட்டில், எவர்சில்வர் தகடு, பூச்சுத் தகடு, சிலவகை அலாய் ஸ்டீல் கம்பிகள் ஆகியவற்றின் மீதிருந்த ஆன்டி டம்பிங், மானிய எதிர்ப்பு வரிகள் பொதுநலன் கருதி ரத்து செய்யப்பட்டன. ஆலைக்காரர்கள் வருந்தினார்கள், பாத்திரக்காரர்கள் மூச்சு விட்டார்கள். இரண்டு பக்கமும் நம் ஜனங்கள்.

உலையில் எரிக்கும் நிலக்கரிக் கோக் விஷயத்தில் நான் பட்டறைகளின் பக்கம். 2016 நவம்பரில் சாம்பல் குறைந்த மெட்டலர்ஜிக்கல் கோக் மீது வரி வந்தது: டன்னுக்குச் சீனச் சரக்கு என்றால் 25.20 டாலர், ஆஸ்திரேலியச் சரக்கு என்றால் 16.29 டாலர். கோக் செய்பவர்கள் பிழைக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் கோக்கை எரித்து இரும்பை உருக்கும் குப்போலா உலை வைத்திருப்பவருக்கு அது நேரடிச் செலவு. மின்சாரத்தில் உருக்கும் இண்டக்ஷன் உலைக்காரருக்கு, கோக்கைக் கொண்டு செய்யும் பிக் அயர்ன் விலை வழியாக வரும் செலவு. வார்ப்படத்துக்குப் பாதுகாப்பு இல்லாமல் அதன் மூலப்பொருளுக்கு மட்டும் வரி இருந்தால், வெளிநாட்டுக்காரன் மூலப்பொருளை விட்டுவிட்டு வார்ப்படமாகவே அனுப்புவான். நம் பவுண்டரிகள் இரண்டு பக்கமும் நசுங்கும்.

மாறாகக் காற்றாலை வார்ப்படத்தைச் சொல்லலாம். பல்லடம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளுக்குள் டன் கணக்கில் வார்ப்பிரும்பு இருக்கிறது. சீனாவிலிருந்து வரும் காற்றாலை வார்ப்படங்கள் மீது 2016-ல் மானிய எதிர்ப்பு வரியும், 2017-ல் ஆன்டி டம்பிங் வரியும் போடப்பட்டன. எஃகு, தகடு என்று பெரிய ஆலைச் சரக்குக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்பதில்லை. வார்ப்படத்துக்கும் வழக்கு நடத்தி வெல்ல முடியும் என்பதற்கு இது சான்று.

பயன்படுத்துபவருக்கும் விசாரணையில் இடமுண்டு. அவருக்கென்று தனிக் கேள்வித்தாள் இருக்கிறது. "இந்தக் கிரேடு இந்தியாவில் யாருமே செய்வதில்லை, இதை விலக்குங்கள்" என்று ஆதாரத்தோடு கேட்டால் விலக்கு கிடைக்கும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. வரி வந்த பிறகு புலம்புவதைவிட அந்த 30 நாளுக்குள் எழுதுவது பலன் தரும்.

மானிய எதிர்ப்பு வரியையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அந்நாட்டு அரசு கொடுத்த மானியத்துக்கு எதிரானது; இது கம்பெனி வைத்த விலைக்கு எதிரானது. மூன்றாவதாகப் பாதுகாப்பு வரி என்று ஒன்று இருக்கிறது. யார் மீதும் குற்றம் சொல்லாமல், இறக்குமதி திடீரென்று பெருகிவிட்டது என்பதற்காகப் போடுவது. 2025 ஏப்ரலில் சிலவகை எஃகுத் தகடுகளுக்கு 200 நாளுக்குப் போட்ட 12 சதவீத இடைக்கால வரி அந்த ரகம்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

இறக்குமதி செய்பவராக இருந்தால் வரி அறிவிப்பில் சுங்கக் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எண் ஒரு அடையாளத்துக்குத்தான். பொருளின் வர்ணனைதான் செல்லும். அட்டவணையில் எந்த நாட்டில் உற்பத்தியானது, எந்த நாட்டிலிருந்து கப்பலேறியது, உற்பத்தியாளர் யார் என்று மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்றாம் நாடு வழியாகச் சுற்றி வருவது, உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுவது, கலவையைக் கொஞ்சம் மாற்றுவது போன்ற வழிகளுக்கும் வரியை நீட்டிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இந்த வரிக்கு ஜிஎஸ்டி போல இன்புட் கிரெடிட் கிடையாது, முழுக்கச் செலவு. அதோடு ஐஜிஎஸ்டி கணக்கிடும்போது இந்த வரியையும் மதிப்பில் சேர்த்துத்தான் போடுவார்கள். ஏற்றுமதிக்காக அட்வான்ஸ் ஆதரைசேஷனில், அதாவது ஏற்றுமதிச் சரக்குக்கான மூலப்பொருளைச் சுங்க வரியில்லாமல் கொண்டுவரும் அனுமதியில், மூலப்பொருள் கொண்டுவருபவருக்கு ஆன்டி டம்பிங் வரியிலிருந்து விலக்கு உண்டு. வெளிநாட்டுக்கு வால்வும் பம்பும் அனுப்பும் கம்பெனிகள் இதைத் தங்கள் சிஏவிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்றுமதியாளர்கள் எதிர்த்தரப்பாகவும் நிற்க வேண்டி வரும். ஐரோப்பிய ஒன்றியம் சாக்கடை மூடி போன்ற வார்ப்பிரும்புப் பொருள்களுக்குச் சீனா, இந்தியா இரண்டின் மீதும் விசாரணை தொடங்கியது. 2018 ஜனவரியில் சீனச் சரக்குக்கு வரி போட்டது. இந்தியா மீதான விசாரணையை வரியில்லாமல் முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் அமெரிக்கா இந்திய எவர்சில்வர் பிளாஞ்சுகளுக்கு (குழாய்களை இணைக்கும் வளையங்கள்) வரி விதித்தது. இப்படி ஒரு நோட்டீஸ் கோவை அரசூர்ப் பக்கத்துக் கம்பெனிக்கு வந்தால், உள்நாட்டில் விற்ற ஒவ்வொரு பில்லும், அந்தக் கிரேடுக்கான செலவும், லாரி வாடகையிலிருந்து கப்பல் வாடகை வரைக்கும் உள்ள ரசீதுகளும் கேட்கப்படும். சில சமயம் அதிகாரிகள் நேரில் வந்து லெட்ஜரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உள்நாட்டு விற்பனையையும் ஏற்றுமதியையும் கிரேடுவாரியாகத் தனித்தனியே எழுதும் வழக்கத்தை, நோட்டீஸ் வருவதற்கு முன்பே, இந்த நிதியாண்டின் கணக்கிலிருந்தே தொடங்கிவிடலாம்.